தொண்டைக்கு றோபோ சத்திரசிகிச்சை: கேட்க வேண்டியதைக் கேளுங்கோ

(புதிதாக வந்தவர்களுக்காக எமது நிலையத்தில் நடந்த சுகாதார ஆலோசனைக் கூட்டத்தில், இங்கிலாந்தில் போதனா வைத்தியசாலை ஒன்றின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சத்திரசிகிச்சைக் கூடத் தாதியாகப் பணிபுரியும் தமிழ்ப் பெண் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் வேலை செய்யும் வைத்தியசாலையில் தொண்டைப் புற்றுநோய்க்கு றோபோ இயந்திரம் மூலம் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கியிருக்கிறோம். இந்த நாட்டில் பல போதனா வைத்தியசாலைகளில் இப்போது இது இருக்கிறது. கடிதத்தில் "றோபோட்டிக்" என்ற சொல்லைக் கண்ட உடனே எங்கட ஆக்கள் இரண்டு கேள்வி கேட்கினம். ஒன்று, "மெசின் தானாக வெட்டுமோ?" மற்றது மெதுவாக, தயங்கித் தயங்கிக் கேட்பது: "நாங்கள் அகதி எண்டபடியால் எங்களில வைச்சுப் பழகப் போறாங்களோ?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்வியை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது. புதிதாக ஒரு சத்திரசிகிச்சையைத் தொடங்கும்போது எந்த நோயாளிக்கும் அந்தப் பயம் வரலாம். அந்தப் பயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து. அதைக் கேள்வியாக மாற்றி வைத்தியரிடம் கேட்பது எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இயந்திரம் என்ன செய்யும்?

இந்த இயந்திரம் தானாக ஒரு நூலைக்கூட வெட்டாது. வைத்தியர் அதே அறையில், கட்டிலுக்குச் சில அடி தள்ளி, ஒரு கருவியின் முன்னால் இருக்கிறார். விரல்களால் இரண்டு பிடிகளை அசைக்கிறார். அவர் அசைத்தால்தான் இயந்திரக் கை அசையும். பார்வைக் கண்ணாடியில் இருந்து தலையை எடுத்தால் இயந்திரக் கைகள் அப்படியே நின்றுவிடும்.

உங்கள் வாய்க்குள் போவது ஒரு கமராவும் மெல்லிய கருவிகளும். கமரா உள்ளே இருப்பதை முப்பரிமாணமாக, பெரிதாக்கிக் காட்டும். கருவியின் நுனி எங்கள் மணிக்கட்டுப் போல மடங்கும். வைத்தியரின் கை நடுக்கம் கருவிக்குப் போகாமல் இயந்திரம் தடுக்கும். கட்டிலடியில் இன்னொரு வைத்தியர் இருந்து இரத்தத்தை உறிஞ்சுவார், சதையைப் பிடித்துக் கொடுப்பார். பக்கத்தில் நாங்கள் தாதிமார், மயக்க மருந்து வைத்தியர் எல்லோரும் நிற்போம்.

ஒரு குறையும் உண்டு. பாவனையில் உள்ள பெரும்பாலான மாதிரிகளில் சதையைத் தொடும் உணர்வு வைத்தியரின் கைக்கு வராது. எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். அதனால்தான் அனுபவம் இங்கே மிக முக்கியம்.

ஏன் இது வந்தது?

ரொன்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற இடங்களை நேராகப் பார்ப்பது கஷ்டம். முந்தி அங்கே வளர்ந்த கட்டியை எடுக்க, பல வேளைகளில் கீழ் உதட்டை வெட்டி, தாடை எலும்பையும் பிளந்து திறந்தார்கள். பிறகு தகடு வைத்துப் பூட்டுவார்கள். முகத்தில் தழும்பு, பல மாதம் சாப்பிடக் கஷ்டம். வாய் வழியாகவே போனால் இதெல்லாம் தேவையில்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிரெகரி வைன்ஸ்டீன், பேர்ட் ஓமாலி என்ற இரண்டு வைத்தியர்களின் குழு 2004, 2005 ஆண்டுகளில் இதை முறையாக உருவாக்கியது. முதலில் பயிற்சிப் பொம்மையில், பிறகு இறந்தவர்களின் உடலிலும் மிருகங்களிலும் செய்து பார்த்தார்கள். அதன் பிறகுதான் அனுமதி பெற்ற ஆய்வாக நோயாளிகளுக்குச் செய்தார்கள். டிசம்பர் 2009 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, "டா வின்சி" என்ற இந்த இயந்திரத்தை வாய் வழியாகச் செய்யும் ஆரம்ப நிலைக் கட்டிகளுக்குப் பாவிக்க அனுமதி கொடுத்தது. ஆகவே உங்கள் வைத்தியசாலைக்கு இது புதிதாக இருக்கலாம். உலகத்துக்குப் புதிது அல்ல.

புதிதாகத் தொடங்கும் வைத்தியசாலை என்ன செய்ய வேண்டும்?

இயந்திரத்தை வாங்கி வைத்தால் மட்டும் காணாது. பல வைத்தியசாலைகளில் அது ஏற்கனவே ஆண்களின் புரொஸ்டேற் சத்திரசிகிச்சைக்காக வாங்கி வைத்ததாக இருக்கும். அதை வாய்க்குள் பாவிப்பது வேறு வேலை. தொண்டை ஒடுங்கிய இடம். அதே இடத்தால்தான் மூச்சும் போகிறது.

ஒழுங்காகத் தொடங்கும் இடத்தில் படிகள் இப்படி இருக்கும். வைத்தியர் முதலில் கொம்பியூட்டர் பயிற்சி இயந்திரத்தில் பல மணித்தியாலம் பழகுவார். பிறகு பயிற்சி நிலையத்தில் இறந்த உடலில் செய்து பார்ப்பார். அனுபவம் உள்ள வேறு வைத்தியசாலைக்குப் போய்ப் பார்ப்பார். தன் முதல் நோயாளிகளுக்குச் செய்யும்போது அனுபவசாலியான ஒரு வைத்தியர் பக்கத்தில் நிற்பார். சிறிய, இலகுவான கட்டிகளில் தொடங்கி, பிறகுதான் கடினமானவற்றுக்குப் போவார்.

வைத்தியர் மட்டும் பழகினால் போதாது. நாங்கள் எல்லோரும் ஒரு குழுவாகப் பழக வேண்டும். திடீரென்று இரத்தம் பாய்ந்தால் இயந்திரக் கைகளை வாயிலிருந்து எப்படி விரைவாக எடுப்பது, யார் எதைப் பிடிப்பது என்று நோயாளி இல்லாத நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். கையால் செய்யும் சாதாரணக் கருவிகளும் அறையில் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நடந்தது என்று பதிந்து, கூட்டத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன்? 2015 இல் நியூகாசில் நகரில் ஒரு வைத்தியசாலையில் றோபோ மூலம் இதய வால்வு திருத்தும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு நோயாளி இறந்தார். இந்த நாட்டில் அந்த வகையில் அதுதான் முதலாவது. 2018 இல் நடந்த மரண விசாரணையில், வைத்தியருக்கு அந்த இயந்திரத்தில் நேரடிப் பயிற்சி போதாமல் இருந்ததும், துணைக்கு வந்த நிபுணர்கள் முடியும் முன்பே போய்விட்டதும் வெளியே வந்தன. அந்த நோயாளி அகதி அல்ல, இந்த நாட்டவர். அகதி என்பதற்காக வந்த ஆபத்து அல்ல அது. படிகளைத் தாண்டிப் போனதால் வந்த ஆபத்து. அந்தப் படிகளைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

2015 இல் மொன்ற்கொமரி என்ற வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. அந்த நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளையும், வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்பதையும் வைத்தியர் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியும், நீ கையெழுத்துப் போடு" என்பது இங்கே செல்லாது. எங்கட ஊரில் டொக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு மாதிரி. இங்கே அப்படி இல்லை. இதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கோ:

1. இந்தச் சத்திரசிகிச்சையை நீங்கள் இயந்திரத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
2. புதிதென்றால், அனுபவம் உள்ள வைத்தியர் முடியும் மட்டும் கூட நிற்பாரா?
3. இயந்திரம் இல்லாமல் வேறு என்ன வழி இருக்கிறது? கதிர்ச்சிகிச்சை எனக்குப் பொருந்துமா?
4. ஓப்பரேசனுக்குப் பிறகும் கதிர்ச்சிகிச்சை தேவைப்படுமா?
5. இரத்தப்போக்கு, விழுங்கும் கஷ்டம், குரல் மாற்றம் எவ்வளவு வரலாம்?
6. இது வழமையான சிகிச்சையா, ஆய்வா?

ஆறாவது கேள்வி முக்கியம். ஆய்வு என்றால் தனியாக விளக்கப் பத்திரம் தருவார்கள், தனியாகக் கையெழுத்து வாங்குவார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னதற்காக உங்கள் வழமையான சிகிச்சை குறையாது. போதனா வைத்தியசாலை என்றபடியால் மாணவர்கள் பார்க்க வருவார்கள். அதற்கும் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் ஓம் சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் அது உங்கள் அகதிக் கேஸின் முடிவை மாற்றாது.

இதெல்லாம் தமிழில் நடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இலவசம். நேரம் தரும்போதே "இலங்கைத் தமிழ்" என்று சொல்லிக் கேளுங்கோ. பெண் வேண்டுமென்றால் பெண் என்று கேளுங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைக்காதேங்கோ. தகப்பனுக்குப் புற்றுநோய் என்று சொல்லும் பாரம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

புதியது எல்லாம் சிறந்தது அல்ல

சிலர் மறுபக்கமாகவும் நினைக்கினம்: "றோபோ கிடைச்சால் நல்லது, பழைய சிகிச்சை தந்து ஏமாத்துறாங்கள்." அதுவும் சரியில்லை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 68 நோயாளிகள் பங்குபற்றிய ஓர் ஆய்வு 2019 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வாய் வழியாக றோபோ சத்திரசிகிச்சை, மற்றப் பகுதியினருக்குக் கதிர்ச்சிகிச்சை. ஒரு வருடத்துக்குப் பிறகு விழுங்கும் திறன் கதிர்ச்சிகிச்சை எடுத்தவர்களுக்குச் சற்று மேலாக இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் நாளாந்த வாழ்க்கையில் பெரிதாகத் தெரியும் அளவுக்கு இல்லை. பக்க விளைவுகள் இரண்டிலும் உண்டு, வகைதான் வேறு. ஒன்றில் காது இரைச்சல், கேட்கும் திறன் குறைதல் கூட. மற்றதில் வாய் திறக்கக் கஷ்டம், இரத்தப்போக்கு.

ஆகவே உங்களுக்கு எது பொருந்தும் என்பது கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, கழுத்துக்குப் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சத்திரசிகிச்சை வைத்தியர், கதிர்ச்சிகிச்சை வைத்தியர், தாதி, பேச்சும் விழுங்குதலும் பார்க்கும் நிபுணர் எல்லோரும் ஒன்றாக இருந்து உங்கள் ஸ்கானைப் பார்த்துத்தான் ஆலோசனை சொல்லுவார்கள். உங்களுக்கென்று ஒரு புற்றுநோய்த் தாதியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தருவார்கள். அந்த இலக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கோ.

எங்கட ஆக்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

வெத்திலை, பாக்கு: பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் அறிவித்தது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கும் அப்படித்தான். பல வருடம் பாக்குச் சப்பியவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் இறுகி, வாய் திறக்க முடியாமல் வரலாம். வாய் போதியளவு திறக்காவிட்டால் றோபோக் கருவிகளை உள்ளே விட முடியாது. வெட்கப்படாமல் சொல்லுங்கோ.

உடம்பில் ஷெல் துண்டு, சன்னம்: எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஒரு பெரிய காந்தம். உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் அசையலாம், சூடாகலாம். "சொன்னால் என்னை இயக்கம் எண்டு நினைப்பினமோ" என்று சிலர் மறைக்கினம். ஸ்கான் எடுப்பவருக்கு யார் சுட்டது என்று தேவையில்லை. உலோகம் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தேவை.

அடி, சித்திரவதை: தாடை உடைந்தது, பல் ஆடுவது, கழுத்தைத் திருப்ப முடியாதது எல்லாவற்றையும் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கோ. வாயை அகலத் திறந்து வைத்துத்தான் இந்தச் சத்திரசிகிச்சை செய்வது. அதற்கு முதல் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கமராவை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். அப்படிச் செய்யும்போது பழையது திரும்பி வந்து மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கலாம். "நான் கை தூக்கினால் நிறுத்துங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. நிறுத்துவார்கள். முழு விபரமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "எனக்குத் தடுப்பில் அடித்தார்கள், முகத்தை மூடினால் பயம்" என்ற ஒரு வசனம் போதும்.

உங்கள் நோய் விபரம் இரகசியமானது. கேஸுக்கு வைத்திய அறிக்கை தேவையென்றால் உங்கள் சொலிசிற்றர் உங்களிடம் கையெழுத்து வாங்கித்தான் கேட்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு கிழமையும் கவனம். புண் ஆறும்போது இரத்தம் கசியலாம். வாயிலிருந்து புதிய சிவப்பு இரத்தம் வந்தால், கொஞ்சம்தானே என்று படுக்காதேங்கோ. உடனே 999. "த்ரோட் ஒப்பரேசன், பிளீடிங்" என்ற மூன்று சொல்லும் முகவரியும் தெரிந்தால் காணும். ஹோட்டலிலோ பகிர்ந்த வீட்டிலோ இருப்பவர்கள், பக்கத்து அறைக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கோ.

சில நாளைக்கு மூக்கு வழியாக உணவுக் குழாய் இருக்கலாம். பிறகு கஞ்சி, சூப், குழைத்த சோறு போன்ற மெதுவான உணவு. ஹோட்டல் சாப்பாட்டை விழுங்க முடியாதென்றால், உணவு நிபுணரிடம் கடிதம் வாங்கித் தங்குமிடம் நடத்துபவரிடம் கொடுங்கோ.

காசு, கடிதம், இடமாற்றம்

தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருக்கும் ஒருவரிடம் என்.எச்.எஸ். வைத்தியசாலை காசு கேட்கக் கூடாது. ஜீ.பி.யிடம் பதிய அடையாள அட்டையோ முகவரி ஆதாரமோ கட்டாயம் இல்லை. ஹோம் ஒபிஸ் உதவி பெறுபவர்களுக்கு எச்.சி. 2 என்ற பத்திரம் வரும். அதைக் காட்டி மருந்தை இலவசமாக எடுக்கலாம். வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ், றெயின் காசையும் திரும்பக் கேட்கலாம். ரிக்கற்றை எறியாதேங்கோ. 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

கேஸ் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் சட்டம் சிக்கலானது. ஆனால் நிராகரிக்க முன் தொடங்கிய சிகிச்சை முடியும் மட்டும் இலவசமாகத் தொடர வேண்டும். அவசர சிகிச்சையைக் காசு கட்டவில்லை என்று மறுக்கவும் கூடாது. யாராவது பில் அனுப்பினால் பயந்து ஒளிக்காமல், அதை எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் வாங்கோ.

எங்கட ஆக்களுக்கு நடக்கும் பெரிய பிரச்சினை இடமாற்றம். திடீரென்று வேறு நகரத்துக்கு அனுப்பினால் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். வரவில்லை என்று பெயரை வெட்டிவிடவும் கூடும். மாறும் நாளிலேயே புற்றுநோய்த் தாதிக்கு அழைத்துச் சொல்லுங்கோ. சிகிச்சை நடக்கும்போது இடம் மாற்றக் கூடாது என்று வைத்தியரிடம் கடிதம் கேட்டு, ஹோம் ஒபிசுக்கும் சொலிசிற்றருக்கும் கொடுங்கோ.

எப்போது ஜீ.பி.யிடம் போக வேண்டும்?

3 கிழமைக்கு மேலாகக் குரல் அடைத்திருந்தால், வாயில் புண் ஆறாவிட்டால், கழுத்தில் நோகாத கட்டி இருந்தால், ஒரு பக்கத் தொண்டை நோவு காது வரை இழுத்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் போங்கோ. "சளிதான்" என்று வீட்டு வைத்தியத்தோடு இருக்க வேண்டாம். ஜீ.பி. சந்தேகப்பட்டு அவசரமாக அனுப்பினால், 28 நாளுக்குள் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதும், 62 நாளுக்குள் சிகிச்சையைத் தொடங்குவதும் இங்கிலாந்தில் இலக்கு. பிந்தினால் நீங்களே தொலைபேசியில் கேட்கலாம்.

இந்த நாட்டில் நடுத்தொண்டைப் புற்றுநோயில் பெரும்பங்குக்கு இப்போது எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். புகைப்பவர், குடிப்பவருக்கு மட்டும் வரும் நோய் அல்ல. 12, 13 வயதில் பாடசாலையில் அதற்குத் தடுப்பூசி போடுவார்கள். 2019 இலிருந்து ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. சம்மதப் பத்திரம் வந்தால் வாசித்து விளங்கிக் கையெழுத்துப் போடுங்கோ.

உறவுகளே, சத்திரசிகிச்சைக் கூடத்தில் நான் எத்தனையோ பேரின் கையைப் பிடித்து நிற்கிறேன். கேள்வி கேட்டு, பதில் விளங்கி வந்தவர்கள் பயம் குறைந்து வருகிறார்கள். நீங்கள் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறொரு வைத்தியரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு.



மறக்காமல் எழுதி வையுங்கோ:
உயிர் ஆபத்து, இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல்: 999
அவசரமில்லாத சுகாதார ஆலோசனை, இரவு பகல்: 111 ("தமிழ், இன்ரபிரிற்றர்" என்று சொல்லுங்கோ)
இரண்டு இலக்கத்துக்கும் அழைப்பு இலவசம்.